கண்டி தந்த கல்விப் பெரியார் அறிஞர் சித்திலெப்பை

கண்டி வாவிக் கரையிலிருந்து மலைப்பாதையில் மேலேறிச் சென்றால் வரும் ஊர் அம்பிட்டிய. கல்வியோடு நீண்ட காலத் தொடர்புடைய ஊர் இது. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893ஆம் ஆண்டில் நிறுவிய குருமடத்தில், இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த மாணவர்கள் குருத்துவக் கல்வி பெற்றனர். 1955இல் அக்குருமடம் பூனே நகருக்கு மாற்றப்பட்ட போதிலும், தேசிய குருமடம் இன்றும் அம்பிட்டியவில் இயங்கி வருகின்றது. மெய்யியலையும் இறையியலையும் கற்பதோடு, மக்கள் மத்தியில் பணியாற்றிப் பழகுவதும் குருத்துவப் பயிற்சியின் ஓர் அங்கமாகும். ஏட்டில் கற்றது மக்களிடம் சென்று சேர வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்தாகும்.

அண்மையில் இவ்வூரில் நமக்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகத் தாம் மேற்கொண்ட செயல்நிலை ஆய்வின் அறிக்கையை அவர் நமக்குக் காட்டினார். ஆரம்ப வகுப்பு மாணவர் தமிழ் வாசிப்பில் பின்தங்குவது ஏன் என்பதே ஆய்வின் பொருள். உழைத்து எழுதப்பட்ட அறிக்கை அது. நல்ல புள்ளிகளும் அதற்குக் கிடைத்திருந்தன. அதன் முடிவுகள் வகுப்பறையில் என்ன மாற்றத்தைத் தந்தன என்று வினவினோம். சற்று நேரம் மௌனமாக இருந்த அவர், டிப்ளோமா கிடைத்த பின்னர் அந்த அறிக்கையைத் தாமே ஒருமுறையேனும் திறந்து பார்க்கவில்லை என்றும், அதைப் பற்றி எவரும் தம்மிடம் கேட்கவுமில்லை என்றும் கூறினார். அவரது நேர்மையை நாம் பாராட்டினோம். எனினும், மலையிறங்கிக் கண்டி நகருக்கு வந்து சேரும் வரையில் அவருடைய பதில் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர் இதே நகரில் வாழ்ந்த ஒரு பெரியாரின் நினைவும் கூடவே எழுந்தது. அவர்தான் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை.

1838ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தவர் சித்திலெப்பை. அன்னாரின் தந்தையார் இந்நாட்டு முஸ்லிம்களில் முதன்முதலாகச் சட்டத்தரணியாகப் பணியாற்றியவர். தந்தையின் வழியில் மகனும் சட்டம் பயின்று 1862இல் மாவட்ட நீதிமன்றத்திலும், அதனைத் தொடர்ந்து உயர் நீதிமன்றத்திலும் தொழில் புரியும் தகுதியைப் பெற்றார். கண்டி மாநகர சபையில் உறுப்பினராகவும் விளங்கினார். அறபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அவருக்குத் தேர்ச்சி இருந்தது. செல்வமும் செல்வாக்கும் தரும் தொழிலில் நிலைபெற்றிருந்த ஒருவர், அத்தொழிலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு சமூகத்தின் கல்வியைத் தம் தோள்மீது சுமக்க முன்வந்தமையே அவரது வாழ்வின் சிறப்பு எனலாம்.

அன்றைய கல்வி நிலையை அறிந்து கொண்டால்தான் அவர் ஆற்றிய பணியின் அருமை விளங்கும். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, தனியார் பாடசாலைகளுக்கு அரசாங்க உதவி நன்கொடை கிடைக்கும் வழி விரிவடைந்தது. இவ்வுதவியால் பெரும்பயன் பெற்றவை கிறிஸ்தவ மிஷனரிப் பாடசாலைகளே. அங்கு சென்றால் பிள்ளைகள் மார்க்கத்தை இழந்து விடுவார்கள் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றது என்று தள்ளிவிடுவதற்கில்லை. அதேவேளை, குர்ஆன் ஓதப் பழக்கும் பள்ளிக்கூடங்கள் மார்க்கத்தைக் காத்தனவே அன்றி, புதிய உலகில் தொழில் செய்வதற்கு வேண்டிய அறிவை வழங்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு தலைமுறையே கல்வியின்றி வளர்ந்து கொண்டிருந்தது.

இதே சிக்கலுக்குப் பிற சமூகத்தவரும் விடை தேடினர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பாடசாலையைத் திறந்ததோடு அமையாது பாலபாடங்களையும் எழுதி அச்சிட்டார். சேர் செய்யது அகமது கான் 1875இல் அலிகாரில் கல்லூரி கண்டார். பௌத்தர்களும் 1880களில் தமக்கெனப் பாடசாலைகளை நிறுவினர். கண்டி தர்மராஜ கல்லூரி 1887இல் தோன்றியது. ஆகவே, சித்திலெப்பையின் முயற்சி அக்காலத்தின் பொதுவான விழிப்புணர்ச்சியோடு சேர்ந்தெழுந்த ஒன்றாகும்.

வழக்கை ஆராயும் சட்டத்தரணியின் பார்வையிலேயே அவர் தமது சமூகத்தின் குறையையும் ஆராய்ந்தார் என்பது நமது கருத்து. 1882இல் அவர் தொடங்கிய முஸ்லிம் நேசன் பத்திரிகை அந்த ஆராய்ச்சியின் களமாக விளங்கியது. முஸ்லிம்கள் ஏன் பின்தங்கினர், ஏனைய நாடுகளில் அவர்கள் எவ்வாறு முன்னேறுகின்றனர், ஆங்கிலக் கல்வியும் மார்க்கக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் ஏன் அமையலாகாது என்பன போன்ற வினாக்களை அப்பத்திரிகை எளிய தமிழில் மக்கள் முன்வைத்தது. மறு ஆண்டிலேயே எகிப்தின் விடுதலைத் தலைவர் ஒறாபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய நட்பும் ஊக்கமும் சித்திலெப்பையின் எண்ணத்துக்கு வலுவூட்டின.

எழுத்தோடு நின்றிருந்தால் அவரை நல்லதொரு பத்திரிகாசிரியர் என்று மட்டுமே நாம் இன்று நினைவுகூர்ந்திருப்போம். ஆனால், தாம் எழுதியதைச் செய்து பார்க்க அவர் துணிந்தார். 1884இல் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் திறந்தார். அப்பாடசாலை நிலைக்கவில்லை. சமூகத்தின் ஆதரவு போதியதாக இல்லாமையால் அது நலிவுற்றது. ஆங்கிலம் படிப்பது மார்க்கத்துக்குப் பகை என்று எண்ணியோரின் எதிர்ப்பையும் அவர் சந்திக்க நேர்ந்தது.

இந்தத் தோல்விக்குப் பின்னர் அவர் நடந்து கொண்ட முறையே நமக்குப் பாடமாக அமைகின்றது. கொள்கை தவறென்று அவர் அதைக் கைவிடவுமில்லை. மக்கள் அறிவிலிகள் என்று பழித்து ஒதுங்கவுமில்லை. கண்டியிலும் அயலூர்களிலும் சிறு பாடசாலைகள் அமைவதற்கு உழைத்தார். முஸ்லிம் பெண்கள் படிப்பதா என்று கேட்கப்பட்ட அக்காலத்தில், தமது சகோதரியின் துணையோடு கண்டியில் பெண்களுக்கும் ஒரு பாடசாலையை ஏற்படுத்தினார். பாடசாலை இருந்தும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு உகந்த பாடநூல்கள் இல்லாத குறையைக் கண்டு, அறபும் தமிழும் கற்பதற்கான நூல்களைத் தாமே எழுதினார். வாசிக்கும் பழக்கம் வீடுகளிலும் வளர வேண்டும் என்பதற்கு அவரது அசன்பேயுடைய கதை துணை நின்றது. 1885இல் வெளிவந்த அந்நூல், தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறே ஆண்டுகளில் எழுந்தது என்பதும், இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகின்றது என்பதும் குறிப்பிடத்தக்கவை.

இவ்வாறு தட்டுத் தடுமாறிப் பெற்ற அனுபவம் வீண்போகவில்லை. 1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கட்டடக் கலைஞரும் கொடைவள்ளலுமான வாப்பிச்சி மரைக்காரின் முயற்சியால் கொழும்பு மருதானையில் மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. ஒறாபி பாஷா அதற்குப் புரவலராக விளங்கினார். அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்து பல தலைமுறையினருக்கு ஒளி தந்தது. சித்திலெப்பை கண்ட கனவு பலர் கைகோத்தபோது நனவாயிற்று. தனியொருவரின் சிந்தனை எத்துணைச் சிறந்ததாயினும், அதனை ஏற்று நடத்த ஒரு கூட்டு முயற்சி வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

1896இல் அமெரிக்கக் கல்வித் தத்துவ அறிஞர் ஜோன் டூயி, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பரிசோதனைப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். கல்விக் கோட்பாடுகளை வகுப்பறையிலேயே சோதித்து, அங்கு கண்டவற்றைக் கொண்டு கோட்பாடுகளைத் திருத்துவது அவரது நோக்கமாகும். கல்வியியல் பயிலும் நம் ஆசிரியர்கள் அனைவரும் டூயியை அறிவர். அவரைச் சித்திலெப்பை அறிந்திருக்க வாய்ப்பில்லை. பல்கலைக்கழகப் பட்டமோ ஆய்வுகூடமோ இன்றி, அதே காலப்பகுதியில் கண்டியிலும் கொழும்பிலும் ஒருவர் ஏறத்தாழ இதே பாதையில் நடந்தார் என்பதை நம் ஆசிரியர்களுள் எத்தனை பேர் அறிவர்?

இன்று நமக்கு வசதிகளுக்குக் குறைவில்லை. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் பயின்ற ஆசிரிய மாணவர், மூன்றாம் ஆண்டைப் பாடசாலையில் கட்டுறுபயிற்சியாகக் கழிக்கும் ஏற்பாடு உண்டு. பேராதனையிலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் கல்வியியல் ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கின்றனர். இருந்தும், ஆய்வு ஒரு கரையிலும் கற்பித்தல் மறு கரையிலுமாக நிற்கும் நிலை நீங்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆய்வு செய்வோர் பட்டத்துக்காகச் செய்கின்றனர். கற்பிப்போர் பரீட்சைக்காகக் கற்பிக்கின்றனர். இடையில் நட்டமடைவது வாசிக்கத் தடுமாறும் பிள்ளையே. தமிழ் மொழிப் பாடசாலைகளில் பயிலும் நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த நட்டம் சிறியதன்று.

இதற்குப் பெரும் பணமோ புதிய சட்டமோ தேவை என நாம் கருதவில்லை. ஆசிரியர் ஒருவர் தமது ஆய்வை முடித்ததும், அதன் முடிவுகளைத் தம் பாடசாலையின் சக ஆசிரியர்கள் முன் விளக்க அதிபர் ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். ஒரு தவணை கழிந்த பின்னர், சொன்னது பலித்ததா, பலிக்காவிடின் ஏன் என்று மீண்டும் கூடி ஆராயலாம். ஆய்வுக்கு வழிகாட்டிய விரிவுரையாளரும் அன்று வந்திருந்தால், வகுப்பறை அவருக்கும் சிலவற்றைக் கற்பிக்கும். பலிக்காத முயற்சியை மறைக்காமல் பேசும் துணிவு மட்டுமே இதற்கு வேண்டியது. 1884இன் தோல்வியால் துவண்டு விடாத சித்திலெப்பையிடமிருந்து அத்துணிவை நாம் கற்கலாம்.

1898ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆம் திகதி, தமது அறுபதாவது பிறந்த தினத்தைக் காணுமுன்னரே அன்னார் இறையடி சேர்ந்தார். 1977இல் அரசாங்கம் அவரது உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டுக் கௌரவித்தது. கண்டியில் அவர் பெயர் தாங்கிய பாடசாலையும் உண்டு. முத்திரையும் பெயர்ப்பலகையும் உரிய மரியாதைகளே. ஆயினும், அம்பிட்டிய ஆசிரியரின் அலுமாரியில் உறங்கும் அறிக்கையும் அதுபோன்ற நூற்றுக்கணக்கான அறிக்கைகளும் வகுப்பறைக்குத் திரும்பும் நாளே அப்பெரியாரை நாம் மெய்யாக நினைவுகூரும் நாளாகும் என்பது நமது துணிபு.