சின்னக் கைகளுக்கு வேலை தந்த அம்மையார்

என் தம்பி கொய்யா மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் வீட்டில் வைத்திருக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். தம்பிக்கு வயது ஐந்து. பாடம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாலை வேளைகளில் என்மீது விழுந்தது. முதல் நாள் சிலேட்டு உடைந்தது. இரண்டாம் நாள் அவன் அழுதான். மூன்றாம் நாள் நானும் அழுதேன். இதைக் கேள்விப்பட்ட எங்கள் நூலகச் சகோதரி, சிரித்துக்கொண்டே ஒரு வாழ்க்கை வரலாற்று நூலை எடுத்து என் கையில் வைத்தார். அந்நூலில் நான் கண்ட அம்மையாரைத் தோழியராகிய உங்களுக்கும் அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

மரியா மாண்டிசோரி, இத்தாலி நாட்டில் கியாராவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பிறந்தார். பெண்கள் ஆசிரியை ஆகலாம், அதற்குமேல் ஆசைப்படலாகாது என்றிருந்த காலம் அது. மரியாவோ மருத்துவம் படிக்க விரும்பினார். தந்தைக்கு விருப்பமில்லை, தாய் துணைநின்றார். உரோமை நகர்ப் பல்கலைக்கழகத்தில், ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்கு அழகல்ல என்று தடுத்தார்கள். எல்லோரும் சென்ற பின், மாலை நேரத்தில், பிணங்களுக்கு நடுவே தனியாக நின்று படித்தார். நம் ஆய்வுக்கூடத்தில் தவளையைக் கண்டாலே எங்களில் பலர் கதவுப்பக்கம் நகர்வோம்! 1896இல் அவர் மருத்துவரானார்.

பின்னர் அவர் மனநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தார். அங்கே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை வெற்றறை ஒன்றில் அடைத்துவைத்திருந்தார்கள். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுப்பார்கள். பேராசை என்று முகம் சுளித்தாள் காவற்பெண். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொடுவதற்கு, உருட்டுவதற்கு, பிடித்துப் பார்ப்பதற்கு அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகளின் கைகள் பசித்திருந்தன என்பதை அவர் உணர்ந்தார். அவர்களுக்கென்று கட்டைகளும் எழுத்துகளும் செய்து பயிற்றுவித்தார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை எழுதலாமா என்று தயங்கினேன். எழுதாவிட்டால் அவர் வாழ்வில் பாதி புரியாது. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவருக்கும் அவருக்கும் 1898இல் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. அச்செய்தி வெளிப்பட்டிருந்தால் அந்நாளைய சமுதாயத்தில் அவருடைய பணி முழுவதும் கையைவிட்டுப் போயிருக்கும். குழந்தையை நாட்டுப்புறத்தில் செவிலித்தாய் ஒருத்தியிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். தாய் அவ்வப்போது சென்று பார்ப்பார். தாம் யார் என்று சொல்லமாட்டார். ஊரார் குழந்தைகள் கற்கும் வழியைக் கண்டறிந்த அந்த ஆண்டுகளில், தம் மகன் எழுதப் பழகியதை அவர் உடனிருந்து பார்க்கவில்லை.

உரோமையில் சான் லோரென்சோ என்னும் ஏழைப் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறுவர்கள் குடியிருப்புச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். கட்டடக்காரர்கள் மாண்டிசோரியின் உதவியை நாடினர். 1907ஆம் ஆண்டு சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, அக்குடியிருப்பிலேயே ஓர் அறையில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள். வகுப்பறை என்பதைவிட வீடு என்பதே அவ்விடத்துக்குப் பொருந்தும். நாற்காலியும் மேசையும் சிறுவர் தாமே தூக்கி நகர்த்தும் அளவில் செய்யப்பட்டன. அவர்களே கூட்டினார்கள், துடைத்தார்கள், தங்கள் கைகளைக் கழுவினார்கள், பொத்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பல அளவுள்ள உருளைக் கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றவர்களைச் சுற்றிலும் பாடச் சொன்னார் அம்மையார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்குமேல் செய்து, தானாகவே நிறுத்தி, தூங்கி எழுந்தவளைப்போல மலர்ந்த முகத்துடன் பார்த்தாள். இன்னொரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட, குழந்தைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். குற்றம் என்றார் ஆசிரியை. அம்மையாரோ அதுமுதல் பூட்டிய அலமாரிக்குப் பதிலாகக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகளை வைத்தார்.

இப்பகுதியைப் படித்த இரவு என் தவறு எனக்கு விளங்கிற்று. தம்பி கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி நானே எழுதிக்காட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் பாடத்தை மூட்டை கட்டிவிட்டுப் பாட்டியிடமிருந்து ஒரு முறம் பச்சைப் பட்டாணி வாங்கி அவன் கட்டிலில் வைத்தேன். முக்கால் மணிநேரம் வீட்டில் சத்தமே இல்லை. உரித்தவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கி, நான் கேட்காமலே எண்ணிச் சொன்னான்.

எழுத்தும் இப்படித்தான். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவி ஒலியைச் சொல்லவைத்தார் மாண்டிசோரி. எழுதிப் பழகும்படி ஒருவரையும் வற்புறுத்தவில்லை. சில திங்களில் நான்கு வயதுக் குழந்தைகள் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்ததும் திடீரென்று எழுதத் தொடங்கினர். எழுத வருகிறது, எழுத வருகிறது என்று கூவிக்கொண்டு கதவிலும் தரையிலும் எழுதித் தள்ளினார்களாம். (எங்கள் வீட்டில் உப்புத்தாள் அ, ஆ, இ மூன்றோடு நின்றுவிட்டது. ஈ வெட்டுவது மிகக் கடினம்.)

1908இல் மெசீனா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. அதில் பெற்றோரை இழந்த குழந்தைகளை உரோமையில் பிரான்சிஸ்கன் மிஷனரி ஆஃப் மேரி சபைக் கன்னியர் தம் மடத்தில் வைத்துக் காத்தனர். பேச்சும் பசியும் இழந்து, இரவில் அலறிய அக்குழந்தைகளுக்கு மாண்டிசோரி முறையிலான இல்லம் அங்கே அமைந்தது. சகோதரிகள் கற்றுத்தர, மேசை விரிக்கவும் உணவு பரிமாறவும் பழகிய குழந்தைகள் மெல்லச் சிரிக்கத் தொடங்கினர்.

பின்னர் அவர் புகழ் உலகெங்கும் பரவியது. 1912 இறுதியில் அவருடைய தாய் இறந்தார். அடுத்த ஆண்டு மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது, என் வயது. அதன்பின் தாயின் பணியில் அவர் துணைநின்றார். ஆயினும் உலகத்தார் முன்னிலையில் நெடுங்காலம் உறவினர் என்றே அறியப்பட்டார்.

தாயும் மகனும் பிரிய நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நம் நாட்டில் நடந்தது. பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று 1939இல் இருவரும் சென்னை அடையாற்றுக்கு வந்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சிக்குக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார்; மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். 1940 சூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியதும், பகை நாட்டவர் என்று மரியோவை ஆங்கில அரசு அகமதுநகரில் காவலில் வைத்தது. எழுபதை நெருங்கிய தாய் அடையாற்றில் தனித்திருந்தார். ஆகஸ்டு 31, எழுபதாவது பிறந்த நாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாக அது தெரிவித்தது. உறவினர் என்றிருந்தவரை அத்தந்தி மகன் என்றே குறித்திருந்தது.

போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினர். அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்ற சிறு பள்ளியில், இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன துணையாக இருந்தார். பழனி மலையின் செடிகளும் பூச்சிகளும் பாடமாயின. பெரிய பிள்ளை செய்வதைப் பார்த்துச் சிறிய பிள்ளை தானே கற்றது. 1946இல் ஐரோப்பா சென்றவர் மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்று 1949இல் அடையாற்றில்தான் அச்சேறியது.

1952 மே 6ஆம் நாள், ஹாலந்து நாட்டுக் கடற்கரை ஊரான நூர்ட்வைக்கில், மரியோ அருகிலிருக்க அம்மையார் உயிர் நீத்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். தாயின் பணியை மரியோ 1982இல் தாம் இறக்கும்வரை தொடர்ந்து செய்தார்.