ஐடா ஸ்கடர் அம்மையார்

பலர் கூடித் தொழில் புரியும் நிலையம் ஒன்று நலமுற நடைபெறுதற்குப் பொருளும் கட்டடமும் வேண்டும். அவற்றினும் மிகுதியாகத் தன்னலமற்ற தலைமை வேண்டும். தலைவர் தம் புகழையே நாடுவாராயின், அவர்க்குக் கீழுள்ளோர் அச்சத்தாலும் ஊதியத்தின்பொருட்டும் மட்டுமே உழைப்பர். அவர் கண் மறைந்தவுடன் வேலையும் தளரும். அவர் பணியையே பெரிதெனக் கொள்வாராயின், அப்பணி அவர்க்குப் பின்னும் வாழும். இவ்வுண்மைக்குச் சான்றாக, நமக்கு அணித்தாகிய ஊர்களில் நிகழ்ந்த ஒரு வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

செஞ்சி என்றவுடன் 1714 இல் போர்க்களத்தில் வீழ்ந்த தேசிங்கு நம் நினைவுக்கு வருகிறான். அக்கோட்டைக்குக் கிழக்கே, மாட்டு வண்டி ஒரு பகலிற் சென்று சேரத்தக்க தொலைவில் திண்டிவனம் உள்ளது. வாளின்றி வென்ற ஒரு வீரத்திற்கு அவ்வூரே பிறப்பிடமாயிற்று. தொண்டு என்னும் சொல் தன் பெயரில் ஒலிக்கும் தொண்டூரும் இப்பகுதியதே என்பதை எண்ணும்போது, இவ்வரலாறு நமக்கு உரியது என்னும் உவகை தோன்றுகின்றது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். அவர்தம் பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் மருத்துவர்கள். பஞ்சத்தையும் பிணியையும் இளமையிலேயே கண்ட ஐடா, அத்தொண்டினை மேற்கொள்ள விரும்பாது அமெரிக்காவிற் கல்வி பயின்று, அங்கேயே இனிது வாழ எண்ணினார். தாயார் நோயுற்றமையால் 1890 இல் திண்டிவனம் வந்தபோதும், விரைவில் திரும்புவதே அவர் கருத்தாயிருந்தது.

அங்கு ஓர் இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக, அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முகம்மதியர், மற்றொருவரும் உயர்குலத்து இந்துவே. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் உயிர்க்குப் போராடிக்கொண்டிருந்தனர். மருத்துவராகிய தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்வதற்கு மூவரும் இசையவில்லை. மருத்துவம் அறியாத ஐடாவோ செய்வதறியாது கலங்கினார். பொழுது புலர்ந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்தனர் என்னும் செய்தி வந்தது. அன்றே அவர் உள்ளம் மாறிற்று. மீண்டும் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899 இல் கார்னெல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, 1900 இல் வேலூருக்கு வந்தார்.

தந்தையாரின் வீட்டில் ஒரு சிற்றறையே அவரது முதல் மருத்துவ நிலையம். வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியாகிய சாலோமி என்பாரே முதல் துணைவர். அவரை ஏவல் செய்பவராக மட்டும் வைத்துக்கொள்ளாது, கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் அம்மையார் பயிற்றினார். பின்னாளிற் பெருகி வளர்ந்த நிலையத்தின் வித்து இச்செயலிலேயே உள்ளதென நாம் கருதுகிறோம். தாம் அறிந்ததைப் பிறர்க்கு அளித்து அவரையும் உயர்த்துதல் அன்றோ தலைமைக்கு அழகு?

1902 இல் ஷெல் என்னும் நியூயார்க் செல்வரின் கொடையால் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. வர இயலாத ஏழைகளைத் தேடிச் சாலையோர மரநிழல்களிலும் அம்மையார் மருத்துவம் செய்தார். ஆயினும் ஒருவர் கைகள் எத்துணைப் பேரைக் காக்கும்? ஆகவே 1909 இல் செவிலியர் பள்ளியையும், 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் இக்கல்வியில் தேறுவது அரிதென அதிகாரிகளே ஐயுற்றனர். அம்மையார் தாமே உடற்கூறு கற்பித்தார். தாமே அறுவை மருத்துவமும் செய்தார். முதல் வகுப்பு மாணவியர் 14 பேர் 1922 இல் தேறி வெளிவந்தனர்.

இனி, அவர்தம் தன்னலமின்மைக்கு வந்த கடுஞ் சோதனையைக் கூறுவோம். 1930 களின் இறுதியில், பழைய பட்டயப் படிப்பை ஒழித்து, எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பையே நடத்தவேண்டுமெனச் சென்னை அரசாங்கம் விதித்தது. அதற்குப் பெரும்பொருளும் உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்களும் வேண்டும். 1941 இல், எழுபது வயதில், அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் தேடினார். ஆடவரையும் சேர்த்துக்கொண்டால் பல திருச்சபைகளின் துணை கிட்டும் என்னும் கருத்து அப்போது எழுந்தது. பெண்களுக்கெனப் பொருள் அளித்த பழைய நண்பர் சிலர் அதனை வன்மையாக எதிர்த்தனர். பெண் மருத்துவரை ஆக்குதற்கென்றே தம் வாழ்நாளை ஈந்த அம்மையார்க்கு இது எத்துணை வருத்தம் தந்திருக்கும்! எனினும், தம் திட்டத்தைக் காப்பதா, தம் நிலையத்தைக் காப்பதா என்னும் நிலை வந்தபோது, அவர் நிலையத்தையே காத்தார். 1947 இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர்.

தலைமைப் பொறுப்பையும் அவர் இறுகப் பற்றிக்கொள்ளவில்லை. உரிய காலத்தில் இளையோரிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். அவர் உயிரோடிருக்கும்போதே டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி அந்நிலையத்தின் இயக்குநரானார். 1960 ஆம் ஆண்டு மேத் திங்களில், தம் 89 ஆம் வயதில், கொடைக்கானலில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அவர் மறைந்தபின் வேலூர் மருத்துவமனை சுருங்கவில்லை. ஒற்றைச் சிற்றறையில் முளைத்த அது, இன்று நாட்டின் பெருமருத்துவமனைகளுள் ஒன்றாய்த் திகழ்கின்றது.

மாணவ நண்பர்களே, நம்மிற் சிலர் நாளை ஆசிரியராவர். சிலர் அலுவலகங்களையும் ஆலைகளையும் நடத்துவர். நமக்குக் கீழ் ஒரு சாலோமி நிற்கும்போது, அவரை ஏவுவோமா, உயர்த்துவோமா? பணியின் நன்மைக்கும் நம் விருப்பத்திற்கும் மாறுபாடு நேருமாயின், எதனை விடுவோம்? நாம் விலகிய மறுநாள் நம் நிலையம் எங்ஙனம் நடக்கின்றது என்பதே இவ்வினாக்களுக்கு விடை கூறும். அவ்விடை நம்மை நாணுறச் செய்யாதவாறு இன்றே நம்மைப் பழக்கிக்கொள்வோமாக.