குச்சியும் கயிறும் தந்த புகழ்
உருளும் யந்திரத்துக்கு வழிகாட்டிய புல்லர்

பக்மின்ஸ்டர் புல்லர் 1895-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக் கழகம் அவரை இரண்டு முறை வெளியேற்றியது. (அதே ஹார்வர்டு பிற்காலத்தில் அவரைப் பேராசிரியர் பதவியில் அமர்த்தியது!)

1917-ல் ஆன் என்ற பெண்ணை மணந்தார். முதல் குழந்தை, நான்கு வயது நிறையும் முன்பே நோயில் இறந்தது. புல்லர் மனம் உடைந்தார். 1927-ல் வேலையும் போயிற்று. கையில் காசு இல்லை. வீட்டிலோ இன்னொரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஏரியில் விழுந்து உயிரை விட நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

ஆனால் சாகவில்லை. குறைந்த பொருளில் உறுதியான வீடு கட்டுவது எப்படி என்று ஆராயத் தொடங்கினார்.

மாணவர் செய்த பொம்மை

1948-ல் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினார். அங்கே கென்னத் ஸ்னெல்சன் என்ற மாணவர் இருந்தார். அவர் மரத்துண்டுகளையும் நூலையும் கொண்டு ஒரு பொம்மை செய்தார். ஒரு மரத்துண்டு மற்றொன்றைத் தொடவில்லை. அந்தரத்தில் நிற்பதுபோல் நின்றது! இழுத்துக் கட்டிய நூல்தான் அதைத் தாங்கியது.

புல்லர் வியந்தார். பொம்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த முறைக்கு "டென்செக்ரிட்டி" என்று பெயரும் சூட்டினார். ஊர் ஊராகப் பேசினார். புகழ் முழுவதும் புல்லருக்கே போயிற்று. ஸ்னெல்சன் மனம் புண்பட்டார். அவர் கோபம் நியாயமானதே. 1959-ல் நியூயார்க் கண்காட்சியில்தான் அவர் பெயரும் இடம் பெற்றது.

புல்லர் 1983 ஜூலை 1-ந் தேதி காலமானார். ஒன்றரை நாளில் ஆனும் இறந்தார்.

பொம்மை உருண்டது

பிறகு அமெரிக்க விண்வெளி ஆய்வு அமைப்பான நாசாவின் விஞ்ஞானிகள், இதே முறையில் செய்த ஒரு குழந்தைப் பொம்மையைக் கண்டார்கள். கீழே போட்டாலும் அது உடையவில்லை. உடனே யோசனை பிறந்தது.

ஆறு கம்பங்கள், 24 கயிறுகள். இவற்றால் ஒரு யந்திரம் செய்தார்கள். மோட்டார் ஒரு கயிற்றை இழுக்கும், இன்னொன்றைத் தளர்த்தும். உருவம் கோணும். யந்திரம் சாயும். இப்படிச் சாய்ந்து சாய்ந்தே உருண்டு போகும்! சக்கரம் கிடையாது. மேலே இருந்து விழுந்தால், அடியை எல்லாக் கயிறுகளும் பங்கிட்டுக் கொள்ளும். நடுவில் கட்டித் தொங்கவிட்ட கருவிகள் தப்பிவிடும்.

சனிக் கிரகத்தின் சந்திரனான டைட்டனை மனத்தில் வைத்து இதை வகுத்தார்கள். அங்கே காற்று அடர்த்தி, ஈர்ப்பு குறைவு. ஆகவே விழும் வேகமும் குறைவு. பாராசூட் இல்லாமலே இறக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஸ்னெல்சன் 2016 வரை வாழ்ந்தார். யந்திரம் ஓடியது பூமியில் நடந்த சோதனைகளில் மட்டுமே. டைட்டனுக்கு அது போகவில்லை.