புரூஸ் பூட் துரையும் அவர்தம் கூடாரமும்

நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்த மாணாக்கர்க்கு, குன்று என்றவுடன் சுரங்கத்தினின்று வாரிக் கொட்டிய மண்மேடே நினைவுக்கு வருதல் கூடும். உண்மையான மலையைக் காண விரும்புவோர் விருத்தாசலங் கடந்து மேற்கே சென்று, பச்சைமலை, கல்வராயன்மலை, கொல்லிமலை, சேர்வராயன்மலை என்னுந் தொடர்களை அடைதல் வேண்டும். இந்நாட்டுச் சமவெளியையும் மலைகளையும் காலால் அளந்து, நீர் கண்ட இடத்திற் கூடாரம் அடித்துத் தங்கி, பாறை பாறையாய்த் தட்டிப் பார்த்துப் படம் வரைந்தவர் மிகச் சிலரே. அவருள் முதன்மையாய் வைத்து எண்ணத்தக்கவர் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1834-ம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள செல்ட்டன்ஹாம் நகரிற் பிறந்தார். 1858-ல் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் அமர்ந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். தமிழ் நாட்டோடு இவருக்கு உறவின் வழியாகவும் ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்தவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவருமான பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளையே இவர் மணந்தார். மாமனார் மக்களின் நாவில் வழங்கிய பழமொழிகளைப் பொறுக்கினார். மருமகனார் மண்ணிற் கிடந்த கற்களைப் பொறுக்கினார்.

அக்காலத்துப் பூகர்ப்ப இலாகாவினரின் வாழ்க்கை முறை அறியத்தக்கது. மழை ஓய்ந்து பனிக்காலம் பிறந்ததும் அவர்கள் நகரை விட்டுப் புறப்படுவர். கோடை முதிரும் வரை கூடாரமே வீடு. கூடாரமும் பாத்திரங்களும் பெட்டிகளும் மாட்டு வண்டிகளில் முன்னே செல்லும். வண்டிப்பாதை இல்லாத மலைகளில் அவற்றை ஆட்கள் தலையிற் சுமந்தே ஏறினர். சுத்தியலும் திசைகாட்டியும் தேசப்படமும் ஏந்தி, விடியலிற் புறப்பட்டு ஓடைவழியே நடப்பதும், மாலையிற் கண்டவற்றை விளக்கொளியில் எழுதுவதுமே அன்றாட வேலை. மலையடிவாரக் காய்ச்சலுக்கு அஞ்சாதார் எவருமிலர். இவ்வாறு அலைந்து பூட்டும் வில்லியம் கிங் என்பவரும் எழுதிய பெரிய அறிக்கை 1864-ல் வெளிவந்தது. சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு ஜில்லாக்களின் பகுதிகள் அதில் அடங்கும். கஞ்சமலை, தீர்த்தமலை முதலியவற்றின் காந்த இரும்புத் தாது அதில் விரித்துரைக்கப்பட்டது.

இக்காலத்தில் ஐக்கிய அமெரிக்க நாட்டின் தேசீய வனங்களிற் பலவற்றில், தங்குவதற்கென அமைத்த துறைகளை விட்டு விலகி, விரும்பிய இடத்திற் கட்டணமின்றிக் கூடாரம் அடிக்க யாவருக்கும் இசைவு உண்டு. பெரும்பாலும் 14 நாள் எல்லை. அங்கு அது குடிகளின் உல்லாசம். பூட் துரைக்கோ அது ஊதியம் பெறும் உழைப்பு. ஆயினும், குறித்த சாலையும் சத்திரமும் இன்றி, நிலம் காட்டிய வழியே செல்லும் அவ்வுரிமை இல்லையாயின் அவர் கண்டவற்றுட் பாதியையும் கண்டிரார் என்பது நம் துணிபு.

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி, சென்னைக்கு அணித்தான பல்லாவரத்தில் சரளைக்கல் வெட்டிய பள்ளமொன்றில், மனிதர் கையாற் செதுக்கிய கல்லொன்றைப் பூட் கண்டெடுத்தார். பலரும் மிதித்துச் செல்லுங் கல்லை இவர் குனிந்து எடுத்தமைக்குக் காரணம் உண்டு. பிரான்சு தேசத்தில் ஸோம் நதியின் படிவுகளில் பூஷே த பெர்த் என்பார் கண்ட கற்கருவிகள் தொன்மையானவையே என்று இங்கிலாந்தின் அறிஞர்கள் 1859-ல் நேரிற் சென்று பார்த்து ஒப்புக்கொண்டிருந்தனர். 1863-ம் ஆண்டு செப்டம்பரில் பூட்டும் கிங்கும் கொற்றலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். இந்திய நாட்டில் கற்கால மாந்தர் வாழ்ந்தமை இங்ஙனம் நிலைநாட்டப்பட்டது. அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுட் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-ல் வெளியான ஆராய்ச்சி கணித்துள்ளது. அவ்வளவு பழமையை அவரே கனவு கண்டிரார்.

சேர்வராயன்மலையில் வாழும் மலையாளிகள் என்னும் தமிழ் பேசும் மலைக்குடியினர், புதிய கற்காலத்து மழுமழுப்பான கோடரிகளைத் தம் சிறு கோவில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். அறிஞர் அறியுமுன்பே அவர்கள் அக்கற்களை வேறுபிரித்து அறிந்திருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. இன்னொன்றும் உண்டு. 1882-ல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. காப்புக் காடுகளில் இசைவின்றி நுழைவதும், ஆடுமாடு மேய்ப்பதும், புனத்துக்காகத் தீயிடுவதும் குற்றமாயின. சர்க்கார் உத்தியோகஸ்தரின் கூடாரம் எங்கும் எழலாம். தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்தவனுக்கோ தன் மலையில் ஓரிரவு தீ மூட்டவும் உத்தரவு தேவையாயிற்று. இது பூட் செய்த தீங்கன்று. எனினும் அவருடைய சுதந்திரத்தைப் புகழும்போது, அது யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்று எண்ணாதிருக்க இயலவில்லை. கூடாரத்தைச் சுமந்தவர், வழி காட்டியவர், சோறு சமைத்தவர் ஆகியோரும் இப்புகழிற் பங்குடையவரே.

இனி நெய்வேலிக்கு வருவோம். நம் நகரியம் நிற்பது கூடலூர் மணற்கல் எனப்படும் செந்நிறப் படிவின்மேல். அப்படிவை அந்நாளைய பூகர்ப்ப ஆசிரியர்கள் நன்கறிந்திருந்தனர். ஆனால் அதன் அடியிற் பழுப்பு நிலக்கரி உறங்குவதை அவர்கள் அறியவில்லை. 50 மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணின்கீழ்க் கிடப்பதைச் சுத்தியலும் கண்ணும் எவ்வாறு காணும்? 1934-ல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் மேலெழுந்தது. 1943 முதல் 1946 வரை பூட் பணிபுரிந்த அதே இலாகா துளையிட்டு உண்மை கண்டது. 1957-ல் சுரங்கவேலை தொடங்கிற்று. கூடாரம் பெயர்ந்த இடத்திற் புல் மீண்டும் முளைத்தது. சுரங்கம் வந்த இடத்திலோ ஊர்களே பெயர்ந்தன. விளக்கெரியும் நம் வீடுகள் அவ்வூர்களுக்குக் கடன்பட்டவை.

பூட்டின் பிற்கால வேலைகளைச் சுருங்கக் கூறுவோம். தங்கம் பொதிந்த தார்வார்ப் பாறைத் தொகுதிக்குப் பெயரிட்டவர் இவரே. கர்நூல் ஜில்லாவின் பில்ல சுர்க்கம் குகைகளை இவரும் இவருடைய மகனாரும் அகழ்ந்தனர். 1891-ல் இலாகாவினின்று ஓய்வு பெற்றும் ஓய்ந்திலர். பரோடா, மைசூர் சமஸ்தானங்களிற் பூகர்ப்ப வேலை செய்தார். நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த பழம்பொருள்களைச் சென்னை அரசாங்கக் காட்சிசாலை 1904-ல் வாங்கிற்று. எழும்பூர் செல்லும் மாணாக்கர் அவற்றைத் தேடிக் காண்பாராக. அவற்றின் விரிவான அட்டவணை அவர் இறந்தபின், 1916-ல், நிறைவுற வெளிவந்தது.

நிலையாகத் தங்க அவர் தேர்ந்த இடம் ஏற்காடு. பெர்சிவல் பாதிரியார் 1882-ல் உயிர் நீத்ததும் அவ்வூரிலேதான். பூட் 1912-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ந் தேதி கல்கத்தாவிற் காலமானார். அவருடைய சாம்பல் மலையேற்றிக் கொண்டுவரப்பட்டு, ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.