இராமலிங்க அடிகளும் நோயாளர் பேணலும்

மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணுவோரை இக்காலத்தில் செவிலியர் என்று வழங்குகின்றோம். அச்சொல் தமிழுக்குப் புதியதன்று. சங்கச் செய்யுட்களில் செவிலி என்பாள் தலைவியை வளர்த்த தாயாவாள். மகளின் மேனி வாடுதலை முதற்கண் காண்பவள் அவளே. ஆயினும், கண்டதன் காரணம் அறியாளாய், தெய்வம் வருத்திற்று என்று கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பிப்பவளும் அவளே. உண்மையை உணர்த்துதற்குத் தோழி வேண்டியிருந்தது. அன்பு மிக்கிருப்பினும், பேணப்படுவாரின் உள்ளம் அறியாவிடத்துப் பேணுதல் பிழைபடும் என்பதை நம் பழம்புலவர் இங்ஙனம் காட்டினர்.

நோயாளரின் உடலை மட்டுமன்றி, அவர்தம் வழக்கங்களையும், சமய உணர்வையும், குடும்பத்தையும், ஊர்ச் சூழலையும் அறிந்தே அவரைப் பேணுதல் வேண்டும் என்பது இன்றைச் செவிலியர் கல்வியில் ஒரு பாடமாக உள்ளது. அமெரிக்கச் செவிலியரும் மானிடவியல் அறிஞருமாகிய மேடலின் லைனிங்கர் அம்மையார் (1925–2012) இதனைத் தனித்துறையாக வளர்த்தார். ஆயின், வினவுதல் என்ற அளவில் நம் நாட்டில் ஓர் அச்சம் எழுகின்றது. சாதியும் சமயமும் வினவியே மக்களை வாயிற்புறத்தில் நிறுத்தி வைத்த நாடன்றோ இது! வினவிப் பேணுதல் நன்றோ, வினவாது பேணுதல் நன்றோ? இவ்வையத்தைத் தெளிதற்கு, சிதம்பரத்தின் அருகே பிறந்து, வடலூரில் அறம் வளர்த்த இராமலிங்க அடிகளின் வரலாறு நமக்குப் பெருந்துணை புரியும்.

பிறப்பும் இளமையும்

அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் தோன்றினார். தந்தையார் இராமையா பிள்ளை. ஊர்க் கணக்கு எழுதியும் சிறுவர்க்கு எழுத்தறிவித்தும் வாழ்ந்தவர். தாயார் சின்னம்மையார். மக்கள் ஐவருள் அடிகளே கடைசிப் பிள்ளை. கைக்குழந்தையாய் இருந்தபொழுதே தந்தையை இழந்தார். அன்னையார் மக்களுடன் பொன்னேரி சென்று, பின்னர்ச் சென்னையில் குடியேறினார். மூத்தவராகிய சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார்.

தமையனார் தம்பிக்குக் கல்வி புகட்ட முயன்று, பின் காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். சிறுவரோ பள்ளியில் தங்காது கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாடிக்கொண்டிருந்தார். சினங்கொண்ட தமையனார், வீட்டில் அவருக்கு உணவிடலாகாது என்று கட்டளையிட்டனர் என்றும், அண்ணியார் பாப்பாத்தி அம்மையார் கணவர் அறியாவண்ணம் அழைத்துச் சோறிட்டனர் என்றும் அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். பலரும் உண்டு மகிழ்ந்த ஒரு நாளில், பின்புறமாக வந்து உண்ணும் மைத்துனரின் நிலை கண்டு அவ்வம்மையார் கண்ணீர் உகுத்தார். அக்கண்ணீரே அடிகளை மீண்டும் வீட்டில் தங்கிக் கற்க இசைவித்தது என்ப. பிறர் பசியைப் பிற்காலத்தில் தம் பசியாகக் கொண்ட பெருமான், இளமையில் தம் பசியை ஒருவர் முகம் நோக்கி அறிந்து தீர்த்த அருமையைத் தாமே நுகர்ந்தவர் என்பது கருதத்தக்கது.

1850-ஆம் ஆண்டில் தமக்கையின் மகளாகிய தனக்கோடி அம்மையாரை உறவினர் அவருக்கு மணமுடித்து வைத்தனர். அவர் உள்ளம் இல்வாழ்வில் படியவில்லை. 1851-இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854-இல் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை இயற்றினார். கன்றை இழந்த பசுவின் துயரைக் கேட்டறிந்த சோழன் கதை அது. வாய் பேசாத உயிரின் துன்பத்தையும் செவிமடுத்தல் வேண்டும் என்ற எண்ணம் அவர்பால் அந்நாளிலேயே வேரூன்றியிருந்தது.

கருங்குழி வாழ்க்கை

1858-ஆம் ஆண்டளவில் அடிகள் சென்னையை நீங்கினார். தில்லைக் கூத்தனை வழிபட்டு, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார். துறவியராயினும் காவி உடுத்திலர். வெள்ளாடையே மேனியையும் தலையையும் போர்த்தது.

சித்த மருத்துவத்தில் அவர் நிரம்பிய பயிற்சி உடையவர். மூலிகைகளின் குணங்களைத் தொகுத்து நெடியதோர் அட்டவணை எழுதி வைத்தார். நாள்தோறும் ஒழுக வேண்டிய முறையைக் கூறுமிடத்து, உறக்கம், உணவு, நடை முதலியவற்றோடு, கரிசலாங்கண்ணி, தூதுவளை முதலிய கீரைகளின் பயனையும் விளக்கினார். இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் உடல்நலம் வினவுதலும், ஒழுகும் முறை கூறுதலும், மனக்கவலை ஆற்றுதலும் ஒருங்கே அமைந்துள்ளன. உடலுக்கு ஒருவரும் உள்ளத்திற்கு வேறொருவரும் என்று அவர் பிரித்தாரல்லர்.

சத்திய தருமச்சாலை

1865-இல் அடிகள் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கென ஊரார் 80 காணி நிலத்தை உவந்து அளித்தனர். அன்று மூட்டப்பெற்ற அடுப்பின் நெருப்பு அணையாது காக்கப்பட்டு இன்றும் எரிகின்றது. அச்சாலையின் கிளைகளாக அடிகள் எண்ணியவற்றுள் வைத்தியசாலையும் ஒன்று. அவர் கருத்தில் சோறும் மருந்தும் ஒரே அறத்தின் இரு கைகள்.

இதற்கு ஏழாண்டுகட்கு முன்னர், 1860-இல், இலண்டன் மாநகரில் புனித தோமா மருத்துவமனையை ஒட்டிப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அம்மையார் 1820-இல் பிறந்தவர். அடிகளுக்கு மூன்றாண்டு மூத்தவர். நோயாளரை உற்றுநோக்கும் பழக்கமே செவிலிக்கு இன்றியமையாதது என்று அவர் வற்புறுத்தினார். ஒருவரை ஒருவர் கண்டிலராயினும், ஒரே காலத்தில் இருவரும் நோக்கின் அருமையை உணர்ந்திருந்தமை வியப்பன்றோ!

அடிகளின் நோக்கு எத்தகையது என்பதை ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் அவரது உரைநடை நூல் காட்டும். பசி மிகுந்தவழி உடலில் நிகழும் மாறுதல்களை உறுப்புறுப்பாக அங்கே எடுத்துரைக்கின்றார். அறிவு மயங்குதல், கண் குழிதல், செவியில் இரைச்சல் எழுதல், நா வறளுதல், கைகால் சோர்தல், பேச்சுக் குழறுதல், நரம்பு தளர்தல் என்று அவர் கூறிச் செல்லுமிடத்து, படுக்கையருகே இருந்து குறிப்பெழுதிய செவிலியின் ஏட்டைக் காண்பது போலும். அவ்வளவோடு நில்லாது, குடும்பத்தையும் நோக்குகின்றார். பசித்த குழந்தைகளின் முகம் பார்த்துப் பெற்றோர் கலங்குதலை உரைக்கின்றார். பிறரிடம் வாய்திறந்து கேட்க மானம் தடுப்ப, உள்ளே நைகின்றவரையும் மறந்திலர். கேட்பவர்க்கு ஈவோர் பலர். கேட்கவியலாதாரைக் கண்டறிந்து ஈவோர் சிலரே. அடிகள் அச்சிலருள் தலைவர்.

வினவாமையும் வினவுதலும்

பசித்து வந்தாரின் நாடு, சாதி, சமயம், நடத்தை ஆகியவற்றை ஆராயாது உணவளித்தல் வேண்டும் என்பது அடிகளின் உறுதியான கொள்கை. இதனை எளிதாக எண்ணலாகாது. அடிகளுக்குத் தம் கொள்கையில் தளர்ச்சி சிறிதும் இல்லை. கொலையும் புலாலும் நீங்காதாரைத் தம் கூட்டத்திற்குப் புறம்பானவர் என்றே அவர் வரையறுத்தார். எனினும், அப்புறத்தார்க்கும் பசி தீர்த்தல் கடமை என்றே விதித்தார். கொள்கை வேறுபாட்டை அவர் மறைக்கவும் இல்லை. அது கருதிச் சோற்றை மறுக்கவும் இல்லை.

இதனை எழுதும் யான் கிறித்தவன். புலாலை விட்டவனும் அல்லேன். தைப்பூசத்தன்று நண்பர் ஒருவரோடு வடலூர் சென்றபோது, தருமச்சாலையில் எனக்கும் சோறிட்டனர். நீ யார் என்று எவரும் கேட்டிலர். கள்வரிடை அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை எவ்வினத்தான் என்று கேளாது எடுத்துச் சென்ற சமாரியனை யான் அங்கே நினைந்தேன்.

ஆயின், வினவாது உதவுதலே முடிந்த முடிபாயின், செவிலியர் பயிலும் பாடம் பிழையோ? அன்று. எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றால் இதனை விளக்குவேன். பெரிய வெள்ளியை ஒட்டிய நாளில் எம் பாட்டியார் காய்ச்சலால் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். சேர்க்கும்பொழுதே சமயம் யாதென்று கேட்டு ஏட்டில் எழுதிக்கொண்டனர். காலையிலும் நண்பகலிலும் உணவு வந்தது, பாட்டியார் தொடவில்லை. பசியின்மை என்று குறித்துக் குளுகோஸ் ஏற்றினர். மாலையில், ரமலான் நோன்பிருந்து பழகிய பறங்கிப்பேட்டை இளஞ்செவிலி ஒருவர் அருகமர்ந்து, கையைப் பற்றி, ஏன் உண்ணவில்லை என்று மெல்லக் கேட்டார். மாலைச் செபம் முடியும்வரை நோன்பு என்றார் பாட்டியார். செபம் முடிந்தது, கஞ்சி வந்தது, பாட்டியார் பருகினார். காலையில் கேட்ட கேள்வி ஏட்டோடு நின்றது. மாலையில் கேட்ட கேள்வி உயிரைச் சென்று தொட்டது.

உதவலாமா, வேண்டாவா என்று துணிதற்கு வினவுதல் கொடுமை. எங்ஙனம் உதவுவது என்று அறிதற்கு வினவுதல் அருள். முன்னதை அடிகள் விலக்கினார். பின்னதைத் தம் கடிதந்தோறும் செய்தார். இவ்விரண்டையும் பிரித்தறிந்தவர்க்கு நம் ஐயம் நீங்கும்.

இறுதி ஆண்டுகள்

அடிகளின் வாழ்வு பூசலின்றி அமைந்ததன்று. அவர் பாடல்களைத் திருவருட்பா என வழங்குதல் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். அப்பூசல் 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அறிஞர் வாதிட்டுக்கொண்டிருந்த அந்நாட்களிலும் வடலூர் அடுப்பு அணையவில்லை.

1870-இல் அடிகள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் தங்கலானார். வடலூரில் அவர் எழுப்பிய சத்திய ஞானசபையில் 1872-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று, முதல் வழிபாடு நிகழ்ந்தது. 1874-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் சித்திவளாகத்து அறையொன்றில் புகுந்து கதவைச் சார்த்தச் செய்தார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். அருட்பெருஞ்சோதியிற் கலந்தார் என்பது அவர் அன்பர்தம் நம்பிக்கை. அவர் மறைந்த இரண்டாண்டில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் (1876–78) பற்றியது. பசியைப் பிணிகளுள் தலையாயதாக அவர் கொண்டமை எத்துணைப் பொருத்தம் என்பதை நாடு அப்பொழுது உணர்ந்தது.

முடிவுரை

இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள மருத்துவமனைகளுக்குக் கடற்கரைப் பரதவரும், பிச்சாவரத்தை அடுத்து வாழும் இருளரும், பறங்கிப்பேட்டை இசுலாமியரும், தில்லை நகரத்தாரும், நெய்வேலித் தொழிலாளரும் வருகின்றனர். ஒருவர் வெள்ளிக்கிழமை நோன்பினர். ஒருவர் வீட்டுப் பெரியவரைக் கேளாது அறுவைக்கு இசையார். ஒருவர் கையிற் கட்டிய கயிற்றை அவிழ்க்க அஞ்சுவர். ஒருவர் நாட்டு மருந்து உண்டதைச் சொல்ல நாணுவர். இவற்றை இகழாது கேட்டறிந்து பேணுதல் செவிலியர் கடன். அவர்க்கு மட்டுமோ? நாளை ஆசிரியராகவும் எழுத்தராகவும் அலுவலராகவும் அமரப்போகும் நம் மாணவர் அனைவர் முன்னும் ஏடும் எழுதுகோலும் இருக்கும். எதிரே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவரை நாம் கேட்கும் கேள்வி வாயிலை அடைத்தற்கோ, திறத்தற்கோ என்று அப்பொழுது நம்மை நாமே வினவிக்கொள்வோமாக. அதுவே வடலூர் அடிகளுக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.