தரையிலேயே பறக்கக் கற்றுத் தந்தவர்

மேகக் கூட்டத்திற்குள் நுழைந்துவிட்ட விமானத்திலிருந்து வெளியே பார்த்தால் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது. வானம் எது, தரை எது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. அந்த நேரத்தில் விமானிக்குத் துணை நிற்பவை, அவருக்கு முன்னால் உள்ள கருவிகள் மட்டுமே. அக்கருவிகளைப் பார்த்துப் பறக்கும் கலையை, உயிருக்கு ஆபத்தின்றித் தரையிலேயே பயில வழிவகுத்தவர் எட்வின் லிங்க்.

எட்வின் லிங்க் 1904ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். அவர் சிறுவராக இருந்தபோதே குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அவருடைய தந்தை, தானாக இசைக்கும் பியானோக்களையும் ஆர்கன்களையும் செய்யும் தொழிற்சாலையை நடத்தினார். காற்றை உறிஞ்சியும் செலுத்தியும் இயங்கும் துருத்திகளே அவ்விசைக்கருவிகளுக்கு உயிர்நாடி. அவற்றைப் பிரிப்பதும் பழுது பார்ப்பதும் லிங்கிற்குக் கைவந்த கலையாயின.

அவருடைய மனமோ வானத்தையே நாடியது. 1920ஆம் ஆண்டு, 16 வயதில் அவர் முதல் பறத்தல் பாடத்திற்குச் சென்றார். அதற்கு 50 டாலர் கட்டணம் செலுத்தினார். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால், பயிற்றுநர் வானில் குட்டிக்கரணம் அடித்துக் காட்டினாரே தவிர, லிங்கை இயக்குப்பிடியைத் தொடக்கூட விடவில்லை. பணம் போயிற்று, பாடம் கிட்டவில்லை. பறப்பதைக் கற்க இதைவிட எளிய, மலிவான வழி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

அவ்வெண்ணத்திற்கு விடை அவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது. தந்தையின் தொழிற்சாலையின் நிலவறையில், 1927ஆம் ஆண்டு வாக்கில் லிங்க் வேலையைத் தொடங்கினார். குட்டையான இறக்கைகள் கொண்ட சிறிய மரவிமானம் ஒன்றைச் செய்தார். அதன் அடியில் ஆர்கனின் துருத்திகளைப் பொருத்தினார். இயக்குப்பிடியை அசைத்தால், சில துருத்திகள் விரிந்தன, சில சுருங்கின. அதற்கேற்ப மரவிமானம் முன்னும் பின்னும் சாய்ந்தது, பக்கவாட்டில் சரிந்தது, உண்மை விமானம் போலவே திரும்பியது. இசை எழுப்பிய காற்று, இப்போது விமானத்தை ஆட்டுவித்தது! சுமார் ஒன்றரை ஆண்டு உழைப்பில் உருவான அக்கருவிக்கு, 1931ஆம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது.

எனினும், உலகம் அதனைப் பயிற்சிக் கருவியாக உடனே ஏற்கவில்லை. பலர் அதை விளையாட்டுப் பொருளாகவே கருதினர். கேளிக்கைப் பூங்காக்கள்தாம் அதனை வாங்கின. லிங்க் மனந்தளரவில்லை. தாமே ஒரு பறத்தல் பள்ளியைத் தொடங்கி, தம் கருவியைக் கொண்டு குறைந்த கட்டணத்தில் மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். 1931இல் அவரை மணந்த மேரியன், அவருடைய தொழிலிலும் தோள் கொடுத்தார்.

இதற்கிடையே, லிங்க் தம் கருவியில் முக்கியமான மாற்றம் ஒன்றைச் செய்தார். உண்மை விமானத்தில் உள்ளவை போன்ற கருவிகளை அதில் அமைத்தார். இதற்குக் காரணம் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாதபோது மனித உடல் ஏமாந்துவிடுகிறது. விமானம் ஒரு பக்கம் சரிந்து வட்டமிட்டாலும், நேராகச் செல்வதாகவே காதின் உட்பகுதி மூளைக்குச் சொல்லும். அந்த உணர்வை நம்பிய விமானிகள் பலர் தரையில் மோதி மாண்டனர். உயரமானியும் வேகமானியும் திசைகாட்டியும் காட்டுவதை ஒருங்கே பார்த்து, உடலின் உணர்வைவிட அவற்றையே நம்புவதற்கு நீண்ட பழக்கம் வேண்டும். லிங்கின் பெட்டிக்குள் அமர்ந்த மாணவரின் தலைக்கு மேல் மூடி இறக்கப்பட்டது. வெளியுலகம் மறைந்தது, கருவிமுட்கள் மட்டுமே தெரிந்தன. அவர் முள்ளைத் தவறாகப் படித்தாலும் உயிர் போகாது, மீண்டும் முயலலாம்.

இப்பயிற்சியின் அருமையை 1934ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு அமெரிக்க ராணுவ விமானிகள் அஞ்சல் பைகளைச் சுமந்து செல்லும் பணியை ஏற்றனர். இரவிலும் பனியிலும் பறந்து பழகாத அவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களிலேயே உயிரிழந்தனர். செய்வதறியாது திகைத்த அதிகாரிகள் லிங்கைச் சந்திக்க நூவர்க் நகரில் காத்திருந்தனர். அன்று வானிலை மிக மோசமாக இருந்தது. இந்நிலையில் யாரும் பறந்து வர இயலாது என்று அவர்கள் எண்ணினர். ஆனால், லிங்க் கருவிகளின் துணைகொண்டே விமானத்தைச் செலுத்தி வந்து பத்திரமாகத் தரையிறங்கினார். அதைவிடச் சிறந்த சான்று வேறு தேவைப்படவில்லை. ராணுவம் ஆறு பயிற்சிக் கருவிகளை, ஒன்று 3,500 டாலர் என்னும் விலையில் வாங்கியது.

இரண்டாம் உலகப் போரின்போது, நீல நிறம் பூசப்பட்ட அந்தப் பெட்டி பல நாடுகளுக்கும் சென்றது. மாணவர் உள்ளே அமர்ந்து பறக்க, பயிற்றுநர் வெளியே மேசையருகே அமர்ந்திருப்பார். மேசைமேல் விரிக்கப்பட்ட வரைபடத்தில், சக்கரங்கள் கொண்ட சிறு கருவி ஒன்று நகர்ந்து, மாணவர் சென்ற பாதையைக் கோடாக வரைந்து காட்டும். எங்கே வழி தவறினோம் என்பதை மாணவர் பின்னர் கண்ணாரக் காணலாம். போர்க்காலத்தில் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் இக்கருவியில் பயின்றனர்.

பிற்காலத்தில் லிங்கின் ஆர்வம் கடலை நோக்கித் திரும்பியது. ஆழ்கடலில் மனிதர் தங்கி ஆய்வு செய்ய உதவும் கலங்களை அவர் வடிவமைத்தார். 1973ஆம் ஆண்டு, புளோரிடா கடற்பகுதியில் அவர் உருவாக்கிய நீர்மூழ்கிக் கலம் ஒன்று, மூழ்கிக் கிடந்த கப்பலின் சிதைவுகளில் சிக்கிக்கொண்டது. அதில் இருந்த நால்வரில் இருவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் லிங்கின் மகன் கிளேட்டன். பெற்ற மகனை இழந்த துயரம் அவரை வாட்டியது. ஆயினும், அவர் முடங்கிவிடவில்லை. கடலடியில் சிக்கிய கலங்களை மீட்க உதவும் ஆளில்லாக் கருவி ஒன்றை உருவாக்குவதில் தம் அறிவைச் செலுத்தினார். தம் மகனுக்கு நேர்ந்தது பிறர் பிள்ளைகளுக்கு நேரக்கூடாது என்பதற்கான முயற்சியாக அது அமைந்தது.

எட்வின் லிங்க் 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பிங்காம்டனில் காலமானார். இன்று பயணிகள் விமானத்தைச் செலுத்தும் விமானிகள், இயந்திரக் கோளாறையும் புயலையும் முதலில் தரையிலுள்ள பாவனை விமானத்தில்தான் சந்திக்கிறார்கள். தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் அங்கே அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. இசைக்கருவியின் துருத்தியில் பறக்கும் வழியைக் கண்ட லிங்கின் உழைப்பு, விண்ணில் செல்லும் ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரியாத காவலாக இன்றும் நிற்கிறது.