அகக்கண்ணால் வாசித்தவர்

ஸ்பானிய மொழியின் பெரும் எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1899இல் ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் பிறந்தார். தந்தையின் நூலகமே அவரது இளமைக்கால உலகம். ஆயிரத்தொரு இரவுகளை வாசித்து வளர்ந்த அவர், பின்னாளில் அந்தலூசிய அறிஞர் இப்னு ருஷ்தைப் பாத்திரமாக்கிக் கதை எழுதினார்.

தந்தையிடமிருந்து வாசிப்புப் பற்றோடு கண்நோயும் அவருக்கு வந்தது. அந்திப்பொழுது இருள்வதுபோல் அவரது பார்வை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கியது. 1955இல் தேசிய நூலகத்தின் பணிப்பாளரானார். இலட்சக்கணக்கான நூல்கள் அவரது பொறுப்பில் வந்தன. ஆனால் அவற்றை வாசிக்கக் கண்கள் இடங்கொடுக்கவில்லை. அவருக்கு முன் அப்பதவி வகித்த மார்மோல், குரூசாக் இருவரும்கூடப் பார்வை இழந்தவர்களே.

போர்ஹெஸ் சோர்ந்துவிடவில்லை. தாயார் லியோனோர் வாசிக்க, செவியால் கற்றார். தாம் சொல்லச் சொல்லப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். மனதிலேயே இயற்றுவதற்கு வசதியாக, ஓசை ஒழுங்குள்ள கவிதைகளுக்குத் திரும்பினார். அவரது கண்ணில் கடைசிவரை எஞ்சியிருந்த மஞ்சள் நிறம், 1972இல் வெளிவந்த கவிதை நூலின் பெயரில் புலிகளின் பொன்னிறமாயிற்று.

1986இல் ஜெனீவாவில் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 86 வயதில், அரபு மொழி கற்கத் தொடங்கியிருந்தார். ஆசிரியர் அவரது உள்ளங்கையில் எழுத்துக்களை வரைந்து கற்பித்தார். பார்வை மங்கியும் கற்கும் ஆசை அவரிடம் மங்கவில்லை. இரு கண்களும் தெளிவாயிருக்கும் நமக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?